இன்ஜின் இல்லாமலே பறக்கணும்னுதான் அதை அப்படிச் செய்றாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல அறிவியல் பக்கத்து ஓரத்துல ஒரு சின்னச் செய்தி வந்துச்சே, வேற கிரகத்தோட காத்துமண்டலத்துல பறக்க விடுறதுக்கு நாசாக்காரங்க இன்ஜின் இல்லாத ஒரு குட்டி விமானம் செஞ்சு பாக்குறாங்கன்னு, அதப் பத்தித்தான் எழுதுறேன். செய்தி போட்டதுக்கு மொதல்ல நன்றி, இந்த மாதிரி விஷயத்துக்கு எந்தப் பேப்பர் இடம் குடுக்குது. ஆனா அதுல "இன்ஜின்கூட இல்லாத பொம்மை விமானம்"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, அது எனக்கு ரெண்டு நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. ஏதோ காசு பத்தாம இன்ஜின் வைக்காம விட்ட மாதிரி படிக்கிறவங்களுக்குத் தோணும். என் பேத்தி எட்டாவது படிக்கிறா, அவளே கேட்டா, "தாத்தா, அவ்ளோ பெரிய நாசாவால ஒரு மோட்டார் வைக்க முடியாதா"ன்னு. அவளுக்குச் சொன்ன பதிலத்தான் உங்களுக்கும் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நான் ஐடிஐ-ல பிட்டர் டிரேட் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவன். முப்பது வருஷமா லீவு நாள்ல பசங்கள வச்சு கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாம காத்துல வழுக்கிப் போற குட்டி விமானம், செஞ்சு பறக்க விடுறது என் பழக்கம். ஆரம்பத்துல பால்சா மரம், இப்ப அது விக்கிற விலைக்கு தெர்மாகோல்தான். கைல புடிச்சு எறியுற கிளைடர், ரப்பர் பேண்ட் கூடக் கிடையாது. இத ஒழுங்காப் பறக்க வைக்கிறது என்ன பாடுங்கறது செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். மூக்குல ஒரு 50 பைசா காச செலோடேப் போட்டு ஒட்டுவோம், எறிஞ்சா மூக்கத் தூக்கும், நிக்கும், தொபுக்குன்னு விழும், மறுபடி தூக்கும், அல அலயாப் போகும். காச அரை விரல்கடை முன்னாடி தள்ளி ஒட்டுனா அதே கிளைடர் வழுக்கிட்டுப் போற மாதிரி நேராப் போகும். இன்னொரு அரை விரல்கடை தள்ளுனா தரையில குத்தும். அந்த அரை விரல்கடையிலதான் எல்லாமே இருக்கு. மோட்டார் வச்ச விமானத்துல தப்பா செஞ்சாலும் இழுத்துட்டுப் போயிடும், கிளைடர் அப்படி விடாது, நீங்க செஞ்ச தப்ப அங்கயே காட்டிக் குடுத்துடும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எதுக்கு வேற கிரகத்துக்கு கிளைடர்? 1995 டிசம்பர் 7-ஆம் தேதி கலிலியோ விண்கலம் அனுப்புன ஒரு ஆய்வுக்கலம் வியாழன் கிரகத்துக்குள்ள விழுந்துச்சு. 339 கிலோ எடை, செகண்டுக்கு 47 கிலோமீட்டர் வேகத்துல உள்ள நுழைஞ்சுது, வெப்பக் கவசத்துல பாதிக்கு மேல எரிஞ்சு போச்சு, அதையும் தாங்கி பாராசூட்ட விரிச்சு 58 நிமிஷம் போல டேட்டா அனுப்புச்சு. பெரிய சாதனைதான், நான் இல்லேங்கல. ஆனா நடந்தது என்னன்னா, அது போய் விழுந்த இடம் வியாழனோட மேகத்துல இருக்கற ஒரு வறண்ட இடைவெளி, எதிர்பார்த்த அளவுக்கு அங்க தண்ணி ஆவி இல்ல. கிரகம் முழுக்கவே அப்படியா, இல்ல அந்த ஒரு இடம் மட்டும்தான் அப்படியான்னு விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா மண்டைய உடைச்சுக்கிட்டாங்க. ராமநாதபுரத்துல ஒரே ஒரு ஊர்ல போர் போட்டு தண்ணி இல்லேன்னு பாத்துட்டு இந்தியா பூரா தண்ணி கிடையாதுன்னு எழுதுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி நெலம.

பாராசூட்ல இறங்குற கலம் எங்க விழுதோ அங்கதான், காத்து தள்ளுற பக்கம் போகும், அவ்ளோதான். கிளைடர் அதே உயரத்துல இருந்து இறங்குனாலும் பக்கவாட்டுல போகும், திரும்பும், இந்த மேகத்துக்குள்ள ஒரு தடவ அந்த இடைவெளியில ஒரு தடவன்னு ரெண்டையும் அளந்துட்டு வரும். செங்குத்தா ஒரு கோடு அளக்குறதுக்கும் ஒரு வட்டாரத்தையே சுத்தி அளக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்ங்க இது. 2022-ல அமெரிக்க கிரக விஞ்ஞானிங்க அடுத்த பத்து வருஷத்துக்குன்னு போட்ட பட்டியல்ல பெரிய மிஷன்கள்ல முதல் இடம் யுரேனஸுக்கு, அதுல ஒரு ஆய்வுக்கலத்த உள்ள இறக்கணும்னும் சேத்தே சொல்லியிருக்காங்க. யுரேனஸ் பக்கம் இதுவரைக்கும் போனது 1986-ல வாயேஜர் 2 ஒண்ணுதான், அதுவும் தாண்டிப் போனதோட சரி. இந்த மாதிரி ஒரு தடவதான் கெடைக்கும்ங்கற வாய்ப்புல ஒரே கோட்ட அளந்துட்டு வந்தா மனசு ஆறுமா சொல்லுங்க.

நீங்க போட்ட செய்தியில விட்டுப்போன, எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு சங்கதி இருக்கு. அந்த மாடல 2024 அக்டோபர் 22-ஆம் தேதி கலிபோர்னியாவுல எட்வர்ட்ஸ்ங்கற இடத்துல, நாசாவோட ஆம்ஸ்ட்ராங் ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்துல, ரோஜர்ஸ்ங்கற வறண்ட ஏரிப் படுகைக்கு மேல கொண்டு போய் விட்டாங்க. நாலு விசிறி வச்ச ட்ரோன் அதத் தூக்கிட்டுப் போச்சு, எப்படித் தூக்கிட்டுப் போச்சுன்னா தலைகீழா. மல்லாக்கக் கட்டித் தொங்கவிட்டு மேல கொண்டு போய் கழட்டி விட்டாங்க. அந்தப் போட்டோ வெளிய வந்திருக்கு, பின்னாடி பகல் நிலா தெரியும், முடிஞ்சா அத உங்க பேப்பர்ல போடுங்க. அதுக்கு இறக்கையே கிடையாதுங்கறத கவனிச்சீங்களா? உடம்போட வடிவமே காத்தத் தாங்கி தூக்கல் குடுக்கும். ஒரு கலத்துக்குள்ள மடக்கி வைக்க நீட்டிக்கிட்டு நிக்குற இறக்கை இல்ல, கிரகத்துக்குள்ள பாயும்போது பிய்ச்சுக்கிட்டுப் போறதுக்கும் ஒண்ணும் இல்ல.

இந்த இறக்கை இல்லாத வடிவம் புதுசும் இல்ல. அதே ஏரிப் படுகையில 1963-ல எம்2-எஃப்1-னு ஒண்ண ஓட்டுனாங்க. டேல் ரீட்ங்கற இன்ஜினியர் மொதல்ல சின்ன மாடல் செஞ்சு வீட்டுப் பக்கத்துல பறக்க விட்டுப் பாத்து, அதப் படம் புடிச்சுக் காட்டித்தான் மேலதிகாரிங்கள ஒத்துக்க வச்சாரு. அப்புறம் உள்ள இரும்புக் குழாய்ச் சட்டம், வெளிய ப்ளைவுட் ஓடு, அந்த ஓட்டச் செஞ்சது பக்கத்துல கிளைடர் கட்டுற ஒருத்தர். பாக்க பாதி வெட்டுன குளியல் தொட்டி மாதிரி இருக்கும், பேரே பறக்குற குளியல் தொட்டின்னுதான் வச்சாங்க. அதுக்கும் இன்ஜின் இல்ல, அதனால ஒரு போன்டியாக் கார்ல கயிறு கட்டி ஏரிப் படுகையில இழுத்து ஓட்டிப் பறக்க வச்சாங்க, ஆகஸ்ட் மாசம் ஒரு பெரிய விமானத்துல கட்டி இழுத்து உயரத்துல கொண்டு போய் விட்டாங்க, மில்ட் தாம்சன்ங்கற பைலட் அத அப்படியே வழுக்கி இறக்குனாரு. நான் வாழ்நாள் பூரா ப்ளைவுட்டும் அரமும் புடிச்சவன், அதனால இந்தக் கதையப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். விண்வெளி ஓடம் இறங்குனதும் இன்ஜின் இல்லாம வழுக்கித்தான். அட நம்ம இஸ்ரோவே 2023 ஏப்ரல் 2-ஆம் தேதி சித்ரதுர்கா பக்கம் சின்னூக் ஹெலிகாப்டர்ல இருந்து நாலரை கிலோமீட்டர் உயரத்துல ஒரு கலத்த கழட்டி விட்டு, அது தானா ரன்வே தேடி வந்து இறங்குச்சே, அதுலயும் இன்ஜின் இல்ல, அத யாராச்சும் பொம்மைன்னு சொல்லுவோமா?

இன்னொரு திருத்தமும் சொல்லணும். வேற கிரகத்துல இன்ஜின் இல்லாமப் பறக்குறதுக்கு இதுதான் முதல் முயற்சின்னு போட்டிருந்தீங்க. தப்புங்க. 1985 ஜூன் மாசம் சோவியத்காரங்க வேகா 1, வேகா 2-ன்னு ரெண்டு கலத்துல இருந்து வெள்ளி கிரகத்துல ஹீலியம் பலூன் விட்டாங்க. தரையில பாத்தீங்கன்னா வெள்ளி ஒரு அடுப்பு, 460 டிகிரிக்கு மேல சூடு, நம்ம ஊர விட 90 மடங்குக்கு மேல காத்தழுத்தம். ஆனா 54 கிலோமீட்டர் உயரத்துல நம்ம ஊர் சீதோஷ்ணம் மாதிரிதான், காத்தழுத்தமும் இங்க இருக்கறதுல பாதி போல இருக்கும், கந்தக அமில மேகம்தான் தொல்லை. அந்த உயரத்துல ரெண்டு பலூனும் ரெண்டு நாளைக்கு கொஞ்சம் கொறைய மெதந்து, ஒவ்வொண்ணும் 11,000 கிலோமீட்டர் போல போச்சு. மோட்டாரா வச்சாங்க? அங்க அடிக்கிற காத்தே தூக்கிட்டுப் போச்சு. நாப்பது வருஷம் ஆகிப்போச்சு, நம்ம பிள்ளைங்க பாடப் புத்தகத்துல இத நான் பாத்ததே இல்ல, அந்த வருத்தமும் இருக்கு.

இப்ப செவ்வாய்க்கு வருவோம், கணக்கு அங்கதான் சுவாரசியம். செவ்வாய் காத்து ரொம்ப மெல்லிசு, தரைகிட்ட அடர்த்தி நம்ம காத்துல அறுபதுல ஒரு பங்கு போலத்தான். ஆனா ஈர்ப்பும் கம்மி, 38 சதவீதம்தான். பேத்திக்கு ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டுனேன். தூக்கல் அடர்த்தியப் பொறுத்து, வேகத்தோட வர்க்கத்தப் பொறுத்து. அறுபத 0.38-ஆல பெருக்குனா 23-க்குக் கொஞ்சம் கம்மி, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா கிட்டத்தட்ட 5. அதாவது எங்க மைதானத்துல மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல மெதக்குற அதே தெர்மாகோல் கிளைடர் செவ்வாயில மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல போனாத்தான் மேல நிக்கும். இறங்குற சரிவு பெருசா மாறாது, அது வடிவத்தோட குணம், ஆனா எல்லாமே அஞ்சு மடங்கு வேகத்துல நடக்கும், தரையும் அஞ்சு மடங்கு வேகத்துல மேல வரும். அது போக காத்து மெல்லிசா இருக்கறதுனால பெரிய விமானத்துக்குப் போடுற தடிச்ச இறக்கை வடிவம் அங்க சின்ன சைஸ்ல சரியா வேலை செய்யாது, காத்து இறக்கைய விட்டுப் பிரிஞ்சுடும், மெல்லிசா லேசா வளைஞ்ச தகடு மாதிரி இறக்கைதான் தேவலாம். இத எங்க பசங்க தெர்மாகோல் தட்ட வளைச்சு வச்சே கண்டுபுடிச்சாங்க, சின்ன கிளைடருக்கு நம்ம ஊர்லயும் அதே கததான்.

அப்ப இன்ஜின் இல்லாம எவ்ளோ நேரம் பறக்கும்னு கேப்பீங்க. அரிசோனா யுனிவர்சிட்டிக்காரங்களும் நாசாவோட ஏம்ஸ் மையத்துக்காரங்களும் சேந்து 2022-ல ஒரு கிளைடர் டிசைன் வெளியிட்டாங்க. இறக்கை 11 அடி, எடை 5 கிலோ, சின்ன டப்பா மாதிரி இருக்கற க்யூப்சாட்டுக்குள்ள மடிச்சு அனுப்பி அங்க போய் விரிச்சுக்கணும்ங்கறது யோசனை. மேல ஏறுற சூடான காத்து, மலைச்சரிவுல மோதி எழும்புற காத்து, இதெல்லாம் இருந்தா பருந்து மாதிரி சுத்தலாம், இங்க சிறுமலை அடிவாரத்துல பதினோரு மணி வெயில்ல நின்னு அண்ணாந்து பாத்தீங்கன்னா பருந்து இறக்கைய ஒரு தடவகூட அடிக்காம வட்டம் போட்டு வட்டம் போட்டு புள்ளியாப் போறது தெரியும். ஆனா நேராக் காத்து மட்டும்தான் அடிக்குது, மேல ஏறுற காத்தே இல்லேன்னா? அப்பத்தான் ஆல்பட்ராஸ்ங்கற கடல் பறவையோட வித்தை.

தரைகிட்ட உராய்வுனால காத்து மெதுவா அடிக்கும், மேல போகப் போக வேகமா அடிக்கும். கீழ செகண்டுக்கு 5 மீட்டர், மேல 15 மீட்டர்னு வச்சுக்கங்க. பறவை காத்த எதிர்த்து மேல ஏறுது, வேகமான காத்துக்குள்ள நுழைஞ்ச ஒடனே அது உடம்பு மேல வீசுற காத்து 10 மீட்டர் கூடிடுச்சு, சும்மா கெடைச்ச வேகம். மேலயே திரும்பி காத்தோட கூடவே கீழ பாயுது, மெதுவான காத்துக்குள்ள வந்த ஒடனே மறுபடி 10 மீட்டர் லாபம். திரும்புறதுல கொஞ்சம் போகும், மிச்சம் கையில. இப்படியே சுத்திக்கிட்டே கடல் மேல நாள் கணக்கா போகும், இறக்கை அடிக்கிறதே அபூர்வம். 1883-லயே ராலே பிரபுங்கற விஞ்ஞானி இத எழுதி வச்சுட்டாரு. கலிபோர்னியாவுல பார்க்கர் மலை முகட்டுக்குப் பின்னாடி ரிமோட் கிளைடர இதே மாதிரி சுத்த விட்டு 2021-ல மணிக்கு 880 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு போனாங்க, இன்ஜின் இல்லாமங்க. செவ்வாயில காத்துக்குப் பஞ்சமில்ல. அங்க வேலஸ் மாரினரிஸ்னு ஒரு பள்ளத்தாக்கு, 4,000 கிலோமீட்டர் நீளம், சில எடத்துல 7 கிலோமீட்டர் ஆழம். சக்கரம் வச்ச ரோவர் அந்தச் சரிவுல இறங்குமா? மேல சுத்துற செயற்கைக்கோளுக்கும் தரையில ஊர்ற ரோவருக்கும் நடுவுல இருக்கற அந்த முதல் சில கிலோமீட்டர் காத்தத்தான் யாரும் ஒழுங்கா அளக்கல, செவ்வாயோட புழுதிப் புயலெல்லாம் பொறக்குறதே அங்கதான்.

செவ்வாயில நாசா பறக்க விட்ட இன்ஜெனியூட்டிங்கற குட்டி ஹெலிகாப்டர நான் கொறச்சுச் சொல்லல, அது 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி எழும்புன அன்னைக்கு வீட்டுல எல்லாருக்கும் கேசரி கிண்டச் சொன்னவன் நான். மூணு வருஷத்துல 72 தடவ பறந்துச்சு. ஆனா அந்த 72-யும் கூட்டுனா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான், ஒரு தடவைக்கு மூணு நிமிஷம் தாண்டுனதில்ல. ஏன்னா அந்த மெல்லிசுக் காத்துல விசிறிய சுத்தியே நிக்கணும்னா பேட்டரி அப்படிக் குடிக்கும். ஒரு மோட்டார் வச்சா அதுக்கு பேட்டரி, பேட்டரிக்கு சோலார், அது குளிர்ல சாகாம இருக்க ஹீட்டர், அந்த எடையத் தூக்க இன்னும் பெரிய இறக்கைன்னு முடிவே இல்லாமப் போகும். அந்த எடையெல்லாம் கருவிக்குக் குடுத்தா என்ன? இதுதான் என் பேத்தி கேட்ட கேள்விக்கு பதில்.

எடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2012-ல கியூரியாசிட்டி ரோவர் செவ்வாயில இறங்கும்போது, உள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் 75 கிலோ இருக்கற டங்ஸ்டன் கட்டி ரெண்ட வேணும்னே கழட்டி எறிஞ்சாங்க. எதுக்குன்னா எடைமையம் ஒரு பக்கமா நகரணும், அப்பத்தான் அந்தக் கலம் கல்லு மாதிரி விழாம சாஞ்சு தூக்கல் வாங்கி வழிய மாத்திக்க முடியும். அப்புறம் பாராசூட் விரிக்கிறதுக்கு முன்னாடி நேரா நிக்கறதுக்காக இன்னும் ஆறு கட்டி, ஒவ்வொண்ணும் 25 கிலோ. எங்க 50 பைசா காச முன்ன பின்ன நகத்துறோமே, அதே வேலைதாங்க, 300 கிலோவுல. அந்த எடையில ஒரு பங்க கிளைடராவே வச்சா என்னன்னு அதே ஆம்ஸ்ட்ராங் மையத்துல ஆல் பவர்ஸ்ங்கறவர் யோசிச்சாரு, எப்படியும் தூக்கி எறியப்போற எடைதானே. பிராண்ட்டில்-எம்-னு பேரு, இறக்கை 2 அடிதான், வால் கிடையாது, பறவை மாதிரி இறக்கை நுனியிலயே திரும்புற வடிவம். 2015-ல சொன்னாங்க, இன்னும் செவ்வாய்க்குப் போகல, ஆனா எவ்ளோ அழகான யோசனை பாருங்க.

கஷ்டம் இல்லாம இல்ல. செவ்வாய்க்கு ரேடியோ சிக்னல் போறதுக்கே தூரத்தப் பொறுத்து 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும், இங்க உக்காந்து ரிமோட்ல ஓட்ட முடியாது, அதுவே காத்தப் புரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கணும். அங்க ஜிபிஎஸ் கிடையாது, கிரகம் முழுக்கக் காந்தப்புலமும் கிடையாது, அதனால திசைகாட்டி வச்சும் பிரயோஜனமில்ல. ஒரு தடவ தரையத் தொட்டா தொட்டதுதான், மறுபடி எழும்ப முடியாது, விழுந்த இடத்துல இருந்தே வானிலைய அளந்து அனுப்பிக்கிட்டு இருக்கலாம். ஆனா இங்கயே பழகிப் பாக்க இடம் இருக்கு. 2018 செப்டம்பர்ல பெர்லான் 2-ங்கற கிளைடர்ல ரெண்டு பேரு அர்ஜென்டினாவுல ஆண்டிஸ் மலை மேல எழும்புற காத்தலையப் புடிச்சே 76,000 அடிக்கு மேல போனாங்க. அந்த உயரத்துல காத்து செவ்வாய் காத்து மாதிரி ஆகிட்டு வரும்.

ஆசிரியர் அய்யா, என் வேண்டுகோள் ரெண்டுதான். அந்த "முதல் முயற்சி"ய ஒரு திருத்தமாப் போடுங்க, வேகா பலூனச் செஞ்சவங்களுக்கு அது நியாயம். ரெண்டாவது, அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா அது எப்படி வேலை செய்யுதுன்னு நாலு வரி சேத்துப் போடுங்க, ஒரு படம் போட்டு. சின்னப் பசங்க படிக்கிறாங்க. போன வாரம் உங்க செய்திய வெட்டி நோட்டுல ஒட்டிட்டு ஒரு பையன் மைதானத்துக்கு வந்தான், வந்து கிளைடரத் தலைகீழாப் புடிச்சு எறிஞ்சான், நான் ஒண்ணும் சொல்லல, அந்த நாசா போட்டோவ அவன் பாத்திருக்கவே முடியாது. மூக்கு கீழ போய் தரைக்கு ரெண்டு அடி மேல புரண்டு நிமிந்து, கொஞ்ச தூரம் மெதந்து போய் புல்லுல உக்காந்துச்சு. மறுபடி எறிஞ்சான், இந்தத் தடவ நிமிரல. காச எங்க ஒட்டணும்னு என்னக் கேக்காம அவனே செலோடேப்ப உரிச்சுக்கிட்டு இருந்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ஐடிஐ பயிற்றுநர், திண்டுக்கல் மாவட்டம்.